செத்தவருக்குப் பெயர் என்ன? ஓர் ஆங்கில வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பிளஸ் டூ தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை கிடைக்கிற இரண்டு மாதத்தில், கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு வாசகசாலை மாடியில், ஆங்கில இலக்கியம் எடுக்கப்போகும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறேன். சனி, ஞாயிறு காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை. கட்டணம் இல்லை. போன கோடையில் 17 பேர் வந்தார்கள். முட்டம், குளச்சல் கரையிலிருந்து சிலர், மணவாளக்குறிச்சிப் பக்கம் இருவர், ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு பெண், மற்றவர்கள் கல்குளம், விளவங்கோடு உள்நாட்டுப் பிள்ளைகள். எல்லாரும் குடும்பத்தில் முதல் ஆளாக ஆங்கில இலக்கியத்துக்குள் நுழைகிறவர்கள்.

நான் எடுத்துக்கொண்ட பொருள்: வெளியாளும் ஏகாதிபத்தியமும். காரணம் உண்டு. கல்லூரிக்குப் போனதும் பின்காலனிய இலக்கியம் என்ற பெயரில் இது வரும். வரும்போதே ஜெராக்ஸ் கடை நோட்ஸாகத்தான் வரும். மூலத்தை ஒரு வரிகூட வாசிக்காமல் அதைப் பற்றிய கொள்கையை மனப்பாடம் செய்து தேறிவிடலாம். அப்படித் தேறிய பிள்ளைகளை வருஷாவருஷம் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. கொள்கை காதில் விழுவதற்கு முன்னால் மூலத்தை வாசித்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மூன்று நூல்கள். ஜோசப் கான்ராடின், ஆப்பிரிக்க ஆற்றுப் பயணத்தைச் சொல்லும் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' முதல் பகுதி. ஜார்ஜ் ஆர்வெலின் 'ஷூட்டிங் ஆன் எலிஃபண்ட்' கட்டுரை முழுவதும். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவலின் கடைசி அத்தியாயங்கள், கூடவே கான்ராடைப் பற்றி அவர் 1975இல் ஆற்றிய உரையிலிருந்து சில பக்கங்கள்.

வரத்தன், பாண்டிக்காரன், மலையாளி

முதல் நாள் பலகையில் 'அவுட்சைடர்' என்று எழுதி, உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். அந்நியன் என்று உடனே வந்தது. வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த கம்யுவின் நாவல் வாசகசாலை அலமாரியிலேயே இருக்கிறது. பிறகு வீட்டுச் சொற்கள் வந்தன. வரத்தன். வெளியூருகாரன். ஆரல்வாய்மொழி தாண்டி, பாண்டி நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தால் பாண்டிக்காரன். சிரித்துக்கொண்டே எழுதினார்கள். ஒரு பெண் மட்டும் எழுந்து, "எங்க அண்ணன் சென்னையில வேலை பாக்கான் டீச்சர். அங்க அவன வாயத் தொறந்தாலே நீ மலையாளியான்னு கேக்காவளாம். திருவனந்தபுரம் போனா பாண்டின்னு சொல்லுகாவ" என்றாள்.

1956 நவம்பர் 1ஆம் தேதிதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். அதற்காக உயிர்விட்டவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் வெளியாளாகப் பார்க்கப்படுவது இந்த மாவட்டத்துக்காரனுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டிய செய்தி இல்லை. அன்றைய வகுப்பு நன்றாகப் போனது. நன்றாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது, அடுத்த வாரம் அது இறங்கியது.

நான் செய்த தவறு

இரண்டாவது வாரம் உலகப் படத்தை மாட்டி, ஏகாதிபத்தியம் என்றால் என்ன என்று முக்கால் மணி நேரம் பேசினேன். பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்ட் 1885 முதல் 1908 வரை காங்கோவைத் தன் சொந்தச் சொத்துபோல வைத்திருந்தது, தந்தம், ரப்பர், கட்டாய உழைப்பு. 1857இல் ரஷ்யப் பேரரசுக்குள் போலந்துக் குடும்பத்தில் பிறந்த கான்ராட், வளர்ந்தபின் கற்ற ஆங்கிலத்தில் எழுதியது, 1890இல் அவரே காங்கோ ஆற்றில் போனது. எல்லாம் சரியான தகவல்தான். அதற்குப் பிறகு நாவலின் ஆறு பக்கத்தைக் கொடுத்து, வாசித்து எழுதச் சொன்னேன்.

17 தாளிலும் ஒரே விடை. ஏகாதிபத்தியம் கொடியது, வெள்ளைக்காரர்கள் சுரண்டினார்கள், ஆப்பிரிக்கர்கள் துன்பப்பட்டார்கள். ஒரு தாளில்கூட அந்த ஆறு பக்கத்திலிருந்து ஒரு சொல் இல்லை. நான் எதைத் தடுக்க நினைத்தேனோ அதையே என் கையால் செய்திருந்தேன். நோட்ஸ் கொடுத்தது நான்தான். வாயால் கொடுத்தேன், அவ்வளவே வித்தியாசம்.

மறுநாள் ஞாயிறு. படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, ஒரே ஒரு காட்சியைச் சத்தமாக வாசிக்க வைத்தேன். ஆப்பிரிக்கக் கரையோரம் நங்கூரமிட்ட பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று கரையைப் பார்த்துக் குண்டு போட்டுக்கொண்டிருக்கிறது. கரையில் ஒரு குடிசைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்டத்தை நோக்கிச் சுடுகிறது என்கிறார் கான்ராட். கப்பலில் உள்ளவர்களுக்கு அங்கே எதிரிகள் ஒளிந்திருக்கிறார்கள் என்று நம்பிக்கை.

முட்டத்துப் பையன் அதுவரை வாய் திறக்காதவன். அப்பாவோடு வள்ளத்தில் போய்ப் பழகியவன். "கடல்லேந்து பாத்தா கரை அப்பிடித்தான் டீச்சர் இருக்கும்" என்றான். "மரம் தெரியும், மலை தெரியும், கோவில் கோபுரமும் லைட் ஹவுஸும் தெரியும். ஆளு தெரியமாட்டாவ. எங்க அம்மா கரையில நிக்காவன்னு எனக்குத் தெரியும், ஆனா கண்ணுக்குத் தெரியாது."

இதைவிடச் சரியாக அந்தப் பத்தியை யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. கப்பலில் இருப்பவனுக்குக் கரையில் அம்மா இல்லை. அதனால் அவனால் சுட முடிகிறது. அடுத்த ஒரு மணி நேரமும் இதே கேள்விதான் ஓடியது: கதை சொல்பவர் எங்கே நின்று பார்க்கிறார், அங்கிருந்து யார் தெரியமாட்டார்கள்? பலகையில் இதை எழுதினேன். கடைசி வாரம்வரை அழிக்கவில்லை.

மணவாளக்குறிச்சி மணல்

இது பாடத்திட்டத்தில் இல்லாதது, பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போனது. நாவலில் ஓர் ஓவியம் வருகிறது: கண்ணைக் கட்டிய ஒரு பெண், கையில் எரியும் பந்தம். ஐரோப்பா தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதற்கு இந்தப் படம் போதும். வெளிச்சம் கொண்டுபோகிறோம் என்ற பேச்சை விளக்கிக்கொண்டிருந்தேன். மணவாளக்குறிச்சிப் பெண், "அந்த வெளிச்சம் நம்ம மண்ணுலேந்து போனதுதானே" என்றாள். அவளுடைய தாத்தா மணல் ஆலையில் வேலை பார்த்தவர்.

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு. அந்தக் காலத்து வாயு விளக்கு மேண்டில் கிட்டத்தட்ட 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. கல்யாண வீட்டில் பெட்ரோமாக்ஸ் பார்த்த தலைமுறைக்கு அந்த வெள்ளைப் பை தெரியும். ஐரோப்பியத் தெருக்களில் விளக்கு எரிய நம் கரை மணல் கப்பலேறியது.

கான்ராடின் கதை பத்திரிகையில் வந்தது 1899இல். அவர் எழுதும்போது இந்த மணல் யாருக்கும் தெரியாது. இரண்டையும் நேராக முடிச்சுப் போட்டால் தப்பாகிவிடும் என்று சொல்லி, வருஷங்களைப் பலகையில் வரிசையாக எழுத வைத்தேன். ஆனால் தந்தம் என்று படித்தபோது தூரத்தில் இருந்த கதை, மணல் என்றதும் கைக்கெட்டும் இடத்துக்கு வந்துவிட்டது. அதை நான் தடுக்கவில்லை.

உதயகிரிக் கோட்டையில் ஒரு கல்லறை

மூன்றாவது வாரம் புலியூர்க்குறிச்சிக்குப் பஸ் பிடித்துப் போனோம். உதயகிரிக் கோட்டைக்குள் இடிந்த சிற்றாலயத்தில் டி லன்னாயின் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியது. 1741 ஆகஸ்ட் 10ஆம் தேதி குளச்சலில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. மிளகு வணிகத்தைக் கையில் வைத்துக்கொள்ள வந்தவர்கள் அவர்கள். டச்சுப் படையிலிருந்த டி லன்னாய் பிறகு அதே அரசருக்கு வேலை பார்த்து, அவர் படையைப் பயிற்றி, வலிய கப்பித்தான் (பெரிய கேப்டன்) என்று பெயரெடுத்து, 1777இல் இங்கேயே செத்தார். வெளியாளா, ஊர்க்காரரா? பிள்ளைகள் கல்லறையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். தமிழில் கல்லறை எழுதிய பிறகு எப்படி வெளியாள் ஆவார் என்றான் ஒருவன். கோட்டைக்குள்ளே இருந்தவருக்குத்தான் கல்லறை கிடைக்கும், கோட்டைக்கு மண் சுமந்தவருக்குக் கிடைக்காது என்றாள் இன்னொருத்தி.

பேச்சு அங்கிருந்து அரசர்மேல் போனது. அந்நியரைத் தோற்கடித்த அரசு நம் அரசுதானே என்று ஒரு பையன் பெருமையாகச் சொன்னான். அவன் பக்கத்தில் இருந்த பெண் முகம் மாறிவிட்டது. "அந்த அரசுதான எங்க பாட்டிக்க பாட்டி தோள்ல துணி போடக்கூடாதுன்னு வச்சிருந்தது? மிஷன்காரங்க வராட்டா நான் இங்க வந்து இருப்பனா?" மிஷன் வந்ததே மதம் மாத்தத்தான் என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அந்த இடத்தில் நான் பயந்துவிட்டேன். சாதியும் மதமும் ஒரே நேரத்தில் வந்து நின்றதும், மணியைப் பார்த்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தேன். பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அந்தப் பெண் திரும்பி வரும் வழியெல்லாம் யாரோடும் பேசவில்லை. மறுவாரம் இரண்டு பேர் வரவில்லை, கடைசிவரை வரவேயில்லை. காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் வந்ததும் முதல் வேலையாக, அன்று பேச்சை நிறுத்தியது என் தவறு என்று சொன்னேன். பிறகு தெரிந்ததை வரிசையாக வைத்தேன். மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். அதற்குப் பின் மிஷன் பள்ளிகளில் படித்த பெண்கள் மேலாடை அணிந்தபோது அடி வாங்கினார்கள், துணியைக் கிழித்தார்கள். பல பத்தாண்டுகள் நீண்ட தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, சென்னை கவர்னர் ட்ரெவெலியனின் அழுத்தத்தில், 1859 ஜூலை 26ஆம் தேதி திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தது. அதிலும் உயர்சாதிப் பெண்கள் அணிவதுபோல் அணியக்கூடாது என்று ஒரு கொக்கி இருந்தது.

சாமிதோப்புப் பக்கம் உறவுள்ள மாணவி ஒருத்தி, தாத்தா வாசிக்கும் அகிலத்திரட்டு அம்மானையைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். 1841இல் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும், அய்யாவழியினரின் புனித நூல். அதில் திருவிதாங்கூர் அரசன் கலிநீசன், வெள்ளைக்காரன் வெண்நீசன். இரண்டு பேரும் நீசன்தான். அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டரை அந்த அரசு திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிறையில் வைத்ததும் அதில் வருகிறது. வெள்ளைக்காரன் கெட்டவன், நம்மவன் நல்லவன் என்ற ஒற்றைக் கணக்கை என்னால் நான்கு வாரமாகக் கலைக்க முடியவில்லை. நம் மாவட்டத்தில் அம்மானைப் பாட்டாக இருந்த ஒரு நூல் இரண்டே சொல்லில் கலைத்துவிட்டது. ஆங்கில வகுப்பில் தமிழ் நூலா என்று யாரும் கேட்கவில்லை.

யானை மிதித்தவர்

இந்த ஆய்வை எழுதவைத்ததே ஆர்வெல் வாசித்த வாரம்தான். கட்டுரையின் கதை சிறியது. பர்மாவில் மௌல்மெயினில் இளம் போலீஸ் அதிகாரியாக இருக்கும் கதைசொல்லி, மதம் பிடித்து ஓடிய ஒரு யானையைத் தேடிப் போகிறார். போவதற்குள் யானை ஓர் ஆளை மிதித்துக் கொன்றிருக்கிறது. பிறகு யானை அமைதியாகப் புல் மேய்கிறது, சுடத் தேவையில்லை. ஆனால் பின்னால் 2000 பேர் கூடி நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் கோழையாகத் தெரியக்கூடாது என்பதற்காகவே சுடுகிறார். ஆர்வெல் 1903இல் பீகாரில் மோதிஹாரியில் பிறந்தவர், 1922 முதல் 1927 வரை பர்மா போலீசில் இருந்தவர். கட்டுரை வந்தது 1936இல். அதிகாரம் செய்பவனே அதிகாரத்துக்கு அடிமையாகிறான் என்பதை ஒரு யானையை வைத்து இவ்வளவு நேர்மையாகச் சொன்ன எழுத்து குறைவு. பல வருஷமாக அப்படித்தான் நானும் நடத்தியிருக்கிறேன்.

சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தது தோள்சீலை பற்றிக் கேட்ட அதே பெண். செத்தவர் உடல் கிடக்கும் இடம் வந்தது. சேற்றில் குப்புறக் கிடக்கிறார், கை இரண்டும் விரிந்து, தலை ஒரு பக்கம் முறுகி. முயலுக்குத் தோல் உரித்தமாதிரி முதுகுத் தோல் உரிந்திருக்கிறது. 'எ பிளாக் டிராவிடியன் கூலி' என்று வாசித்தவள் நிறுத்தினாள். திரும்ப ஒருமுறை வாசித்தாள். எல்லாரும் தாளைப் பார்த்தார்கள்.

"டீச்சர், இது நம்ம ஆளு."

அவருக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். தேடினார்கள். இல்லை. எந்த ஊர்? இல்லை. வீட்டுக்காரி, பிள்ளை? இல்லை. யானைக்குச் சொந்தக்காரர் கோபப்பட்டார் என்று இருக்கிறது, இவர் வீட்டில் யாராவது அழுதார்களா என்று இல்லை. கடைசிப் பக்கத்தில் வெள்ளைக்கார இளைஞர்கள், கோரங்கிக் கூலி ஒருத்தனைக் கொன்றதற்காக அவனைவிட விலை மதிப்புள்ள யானையைச் சுட்டது வெட்கக்கேடு என்கிறார்கள். கதைசொல்லியோ, அந்தக் கூலி செத்தது நல்லதாய்ப் போயிற்று, சட்டப்படி நான் செய்தது சரியாகிவிட்டது என்று ஒப்புக்கொள்கிறார்.

கோரங்கி என்பது காக்கிநாடாவுக்குப் பக்கத்துப் பழைய துறைமுகம். அந்தக் கரையிலிருந்து தெலுங்கர்கள் பெருவாரியாகப் பர்மாவுக்குக் கப்பலேறினார்கள். அப்படியானால் செத்தவர் தெலுங்கராகவும் இருக்கலாம் என்றதும் இரண்டு பேருக்கு ஏமாற்றம். "தமிழன் இல்லியா?" என்றார்கள். ஏன், தெலுங்கரென்றால் வலி குறைந்துவிடுமா என்று முட்டத்துப் பையன் திருப்பிக் கேட்டான். நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னேன். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். பிரிட்டிஷார் கொண்டுவந்து இறக்கிய இந்தியக் கூலிகள் பர்மியர் கண்ணுக்கு வெளியாள்தான். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் இடத்தில் பர்மியரை எடுத்தார்கள். வேலைநிறுத்தம் தீர்ந்ததும் பர்மியரை அனுப்பிவிட்டார்கள். கலவரம் வெடித்தது, செத்ததில் பெரும்பாலோர் இந்தியத் தொழிலாளர். வெள்ளைக்காரனுக்குக் கீழே எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கவில்லை. பலகையில் அம்புக்குறி போட்டுப் பார்த்தோம், யாருக்கு யார் வெளியாள் என்று. ஒரு வட்டமாகத்தான் வந்தது.

அச்செபேயை இதற்குப் பிறகு வாசித்தது நல்லதாயிற்று. 1958இல் வந்த நாவல். கடைசிப் பத்தியில், தூக்குப் போட்டுக்கொண்டு இறந்த நாவலின் நாயகன் ஒக்கொன்கோவின் கதையை முழு அத்தியாயமாக இல்லாவிட்டாலும் ஒரு பத்தியாகத் தன் புத்தகத்தில் எழுதலாம் என்று வெள்ளைக்கார மாவட்ட அதிகாரி நினைக்கிறார். முழு நாவலையும் வாசித்து வந்தவனுக்கு அந்த ஒரு பத்தி என்ற சொல் அடிவயிற்றில் குத்தும். கான்ராடின் கதையில் ஆப்பிரிக்கர் வாயில் வரும் பேச்சு எவ்வளவு சொற்பம் என்று அச்செபே 1975 உரையில் காட்டியதையும் அன்று மாணவர்களே பென்சில் பிடித்துத் தேடிப் பார்த்தார்கள். ஆனால் கான்ராடைத் தூக்கி எறியலாம் என்று யாரும் சொல்லவில்லை. கப்பல் காட்சி அவர்களுக்குப் பிடித்துவிட்டது.

கடைசி வேலை

கடைசி வாரம் கொடுத்த வேலை: யானை மிதித்தவர் பக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் 200 சொல். மீதமிருந்த 15 பேரில் 14 பேர் எழுதினார்கள். இலக்கணப் பிழை நிறைய. ஆனால் எல்லாத் தாளிலும் மூலத்திலிருந்து ஏதாவது ஒன்று இருந்தது. சேறு, மழை, குடிசை, ஓடி வந்த பிள்ளைகளை விரட்டிய கிழவி. இரண்டாவது வாரத் தாள்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரே பிள்ளைகள் எழுதியதுதானா என்றிருந்தது.

செத்தவருக்குப் பெரும்பாலோர் பெயர் வைத்திருந்தார்கள். முட்டத்துப் பையன் மட்டும் பெயர் வரவேண்டிய இடத்தில், விண்ணப்பத் தாளில் உள்ளதுபோல், ஒரு கோடு போட்டு விட்டிருந்தான். நாம் ஒரு பெயர் வைத்தால் அவருடைய சொந்தப் பெயரை யாரும் தேடமாட்டார்கள் என்றான். பெயரில்லாமல் விட்டால் படிப்பவனுக்கு அவர் ஆளாகத் தெரியமாட்டார் என்றார்கள் மற்றவர்கள். அரை மணி நேரம் சண்டை. நான் தீர்ப்புச் சொல்லவில்லை, இந்தத் தடவை மணியையும் பார்க்கவில்லை.

வருகிற ஏப்ரலில் வரிசையை மாற்றுகிறேன். ஆர்வெல் முதலில், அப்புறம் உதயகிரி, அகிலத்திரட்டு, அதற்குப் பிறகு அச்செபே, கடைசியில் கான்ராட். உலகப் படம் கிடையாது.

ஆரல்வாய்மொழிப் பெண் எழுதியதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய அம்மா செங்கல் சூளைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். சூளையில் வேலை செய்ய வடக்கிலிருந்து வந்தவர்கள் அங்கே பற்று வைத்துக் குடிக்கிறார்கள். பற்று நோட்டை அவள் வகுப்புக்கே கொண்டுவந்தாள். நீளவாக்கு நோட்டு, எண்ணெய்க் கறை. ஊர்க்காரர் பக்கத்தில் எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் பாய் 1, பாய் 2, நீலச்சட்டை பாய், சின்ன பாய். பெயர் கேட்டு எழுதும்மா என்று சொன்னாளாம். அம்மா, "அவனுக்க பேரு வாயில நுழைய மாட்டேங்குது மக்ளே. பாய் ரெண்டுன்னா எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், கணக்கு தப்பாது" என்றாராம்.

இதை அப்படியே தன் 200 சொல்லுக்குள் கொண்டுவந்திருந்தாள். யானை மிதித்தவர் பர்மாவில் ஒரு கடையில் கடன் வைத்திருப்பதாகவும், கடைக்காரி நோட்டில் அவருக்கு ஓர் எண் மட்டும் இருப்பதாகவும். வாயில நுழையாது என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன எழுதுவது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம். உச்சரிக்கக் கடினம் என்று நான் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை. அம்மா அப்படிச் சொல்லவில்லை என்றாள். கடைசியில் 'இட் டஸ் நாட் எண்டர் மை மவுத்' என்றே எழுதினாள். பள்ளித் தேர்வுத் தாளாக இருந்தால் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருப்பேன். இதில் போடவில்லை.